என் கூரையும் தம்பியின் சூரிய ஓடும்

போன வருச மாரியோடு எங்கள் கூரை முடிந்துபோனது. ஓடுகளில் பிழையில்லை. அவற்றைத் தாங்கிய மரங்களைத்தான் கறையான் தின்றிருந்தது. முன் அறையில் தையல் மெஷின் போட்டு ஆரையம்பதிப் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவள் நான். மழை ஒழுகி ஒரு கல்யாணச் சட்டை பாழானது. மரவேலை பார்க்கும் ஓடாவி ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றார்.

சுவிஸில் இருக்கும் தம்பிக்கு இதைச் சொன்னேன். அவ்வளவுதான், கூரை அவனுடையதாகிவிட்டது.

“அக்கா, பழைய ஓட்ட மறந்திரு. சூரிய ஓடு எண்டு வந்திரிக்கு. ஓடே கரன்ட் தரும். மேல தனியாப் பலகை பூட்டத் தேவையில்ல. நான் போட்டுத் தாறன்.”

எனக்கும் ஆசை வந்தது, மறைக்கமாட்டேன். கரன்ட் பில் ஏறிய நாளிலிருந்து தைத்த சட்டைகளை அயன் பண்ணவே பயந்துகொண்டிருந்தேன். கூரையும் கரன்டும் ஒன்றாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் எனக்குக் கேட்க வேண்டியவை இருந்தன.

தம்பி ஒழுங்கு செய்த கம்பனிக்காரர் வந்தார். என் கணவருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படங்களை அவருக்கே காட்டினார். பஸ் ஓட்டும் என் மனுசன், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டேன்.

“தேங்கா விழுந்து ஒரு ஓடு உடைஞ்சா, மறுகா என்ன செய்யிற?”

அவர் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். “அண்ணன், இருபத்தஞ்சு வருச உத்தரவாதம் இரிக்கு.”

“உத்தரவாதம் இரிக்கட்டும். அந்த ஓடு மட்டக்களப்பில வாங்கலாமா?”

“கொழும்புக்குச் சொன்னா வெளிநாட்டில இருந்து எடுத்துத் தருவாங்க, அண்ணன்.”

“அதுவரைக்கும் ஓட்டைக்குக் கீழ ஆர் படுக்கிற? நீங்களா?”

அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஊரை ஒட்டிய உப்புநீர் வாவியின் காற்று உள்ளே ஓடும் வயர்களை என்ன செய்யும், எந்த ஓடு பழுதென்று எப்படிக் கண்டுபிடிப்பது, இந்தக் கம்பனி இன்னும் எவ்வளவு காலம் இருக்கும் என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் கம்பனி பார்க்கும் என்பதே பதில். போகும்போது தெற்குப் பக்கத்துத் தென்னைகள் இரண்டையும் காட்டி, “இதுகள் போகணும், அண்ணன். நிழல் விழும்” என்றார்.

“போகாது” என்றேன்.

அடுத்த கிழமை வெல்லாவெளியில் ஒரு கல்யாணவீடு. தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினேன். ஒழுங்கையில் வரும்போதே எங்கள் முற்றம் வெளிறிக் கிடப்பது தெரிந்தது. இரண்டு தென்னைகளும் விழுந்து கிடந்தன. குரும்பைகள் முற்றமெல்லாம் சிதறியிருந்தன.

கணவர் வாசற்படியில் நின்றார். “தம்பிதான் ஆளனுப்பி வெட்டச் சொன்னான். நான் என்ன செய்ய?”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்க உங்கட வாய்க்கு என்ன வந்த?”

கல்யாணவீட்டுக்குக் கட்டிய சேலையோடு தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, போனைத் திருப்பி மரங்களைக் காட்டினேன்.

“அக்கா, கோவப்படாத. உன்ட நல்லதுக்குத்தானே?”

“இது ஆர்ர வீடுடா?”

“நம்மட வீடுதானே.”

“என்ட வீடு! அம்மா சீதனமா என்ட பேரில எழுதின வீடு. மழை ஒழுகினாச் சட்டி வெக்கிறவள் நான். என்ட தலைக்கு மேல என்ன இரிக்கணும் எண்டு முடிவெடுக்க நீ ஆருடா?”

“நான் காசு தாறன் எண்டுதானே…”

“உன்ட காசும் வேணாம், ஓடும் வேணாம்!”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அதை யாரும் வாயால் மறுப்பதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து காசு வரத் தொடங்கினால் போதும், வீட்டுக்காரி காவல்காரியாகிவிடுகிறாள்.

சீட்டுக் காசை எடுத்து, புது மரம் போட்டு, பழைய ஓடுகளையே கழுவி மேலே ஏற்றினேன். உடைந்தவற்றுக்குப் பதில் ஓடு பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. சூரிய ஓடு கூடாத பொருள் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வீடு கட்டுபவருக்கு, கம்பனியும் பக்கத்தில் இருந்தால், அது பொருந்தலாம். எனக்குக் கூரையும் கரன்டும் ஒரே உடம்பாக இருப்பதுதான் பயம். ஒன்று பழுதானால் இரண்டும் போகும். சாதாரண ஓடு என் காலத்துக்குப் பிறகும் கிடக்கும். மேலே பூட்டும் சோலார் பலகை பழுதானால், கூரையைத் திறக்காமலே அதைக் கழற்றிவிடலாம்.

அப்படித்தான் சில மாதம் கழித்து நாலைந்து பலகை பூட்டினேன். தெற்குப் பக்கம் வெயில் நல்லாக விழுகிறது என்று பூட்ட வந்தவர் மெச்சினார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பக்கத்து அறை இப்போது பகலில் அடுப்பாகக் கொதிக்கிறது.

சித்திரை வருசப் பிறப்புக்குத் தம்பி வந்தான். முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, என் கணவரிடம் சொன்னான்: “அத்தான், நல்லாச் செய்திரிக்கிறீங்க.”

“நானில்ல. உன்ட அக்கா செய்த வேலை” என்றார் அவர்.

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சோறு மட்டும் போட்டேன்.