குழாய் வாயில் கட்டிய துணி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது செஞ்சியில் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தக் கோபத்தை ஒரு வருஷம் முழுக்க ஒரு தண்ணீர் ஃபில்டர் மேல் காட்டினேன். அறுபதுகளின் நடுவில் இருக்கும். என் மகளுக்கு ஒன்றரை வயது. மாதத்துக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்து, தூக்கினால் தோளில் துவண்டு கிடப்பாள். "தண்ணிதாம்மா காரணம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மறுநாளே மதராஸுக்கு பஸ் ஏறிப் போய் ஃபில்டர் வாங்கி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மேலே ஒரு பாத்திரம், கீழே குழாய் வைத்த ஒரு பாத்திரம். மேல் பாத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி போல ஒரு வெள்ளைக் குழல். தண்ணீர் அதற்குள் ஊறி, கசிந்து, கீழே இறங்கும்.

"அத மட்டும் தொடாத. ஒடஞ்சிடும்" என்றார்.

"ஆமா, நான் தொட்டது எல்லாம் ஒடஞ்சிதான் கெடக்குது இந்த வூட்டுல" என்றேன். ஆனால் தொடவில்லை.

நாங்கள் சமணக் குடும்பம். கிணற்றில் சேந்திய தண்ணீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். துணியில் தங்கிய சிற்றுயிர் எதுவும் சாகக்கூடாது என்று, அதைத் திருப்பிப் பிடித்து அதே கிணற்றில் அலசி விடுவோம். பிறகு வெயிலில் காயப் போடுவோம். பிறந்ததிலிருந்து இப்படியே குடித்தவளுக்கு, துணி வழியாக வராத தண்ணீரைச் சுத்தம் என்று நம்ப மனம் வரவில்லை. ஃபில்டரின் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து நூலால் இறுகக் கட்டினேன். வடிகட்டிய தண்ணீர்தானே வருகிறது, இதில் என்ன உயிர் இருக்கப்போகிறது என்று அதை அவிழ்க்கவே இல்லை.

ஒரு மாதம் மகள் நன்றாக இருந்தாள். பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. ஃபில்டரிலும் தண்ணீர் நூல் மாதிரிதான் இறங்கியது. "மெட்ராஸ்ல எவனோ உங்க தலயில கட்டிட்டான்" என்று கத்தினேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அவள் கழுத்து நிற்காமல் சரிந்ததைப் பார்த்தபோது இவள் பிழைக்கமாட்டாளோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஃபில்டர எப்படிம்மா கழுவுற?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வெளிப்பக்கம் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். உள்ள இருக்கிறதத் தொடமாட்டேன். குழாய்க்கு சுத்தமா துணி கட்டியிருக்கேன்" என்றேன் பெருமையாக.

"எப்ப கட்டுன?"

"வாங்குன அன்னிக்கி."

அவர் திட்டவில்லை. "ஈரம் காயாத எடத்துல கிருமி ஒட்டிக்கும்மா. கொழகொழன்னு ஒரு போர்வயப் போத்திக்கினு உள்ளயே பெருகும். சும்மா அலசினா போவாது. தேய்க்கணும், கொதிக்க வெக்கணும், காய வெக்கணும். போயி அந்தத் துணிய அவுத்துப் பாரு" என்றார்.

அவிழ்த்தேன். வெளியே வெள்ளையாக இருந்த துணி உள்ளே வெண்டைக்காய்க் கொழகொழப்பாக வழுக்கியது. வெள்ளைக் குழலின் மேலும் பழுப்பாக அதே வழுவழுப்பு. என் மகளுக்கு இதன் வழியாக வந்த தண்ணீரை என் கையால்தானே புகட்டினேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அவரிடம் காட்டினேன். பழக்க தோஷம், "கிணத்துல அலசி வுட்டுடலாமா?" என்று வேறு கேட்டேன்.

"அந்தக் கிணத்துத் தண்ணியத்தான கொழந்த குடிக்குது" என்றார்.

எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு தானே அடுப்பைப் பற்ற வைத்தார்.

"தொடாதன்னு சொன்னது நான். இந்தப் பாவம் எனக்கே வரட்டும். நீ கொழந்தயப் பாரு" என்றார்.

தேங்காய் நாரால் குழலைத் தேய்த்து, துணியோடு கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது அவர் வேலை. மகள் தேறினாள். கன்னம் உப்பியது. "நைனா, தண்ணி" என்று ஃபில்டர் குழாயடியில் போய் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

நாங்கள் பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டு முடிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் "பசிக்கல" என்பார். வாராவாரம் இதே பாட்டு. "எஞ்சமையல்ல இன்னா கொற?" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. காயவைக்க வெயில் இல்லாததால் ஃபில்டர் வேலை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அன்று சாயங்காலம் அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை துணியைக் கொதிக்கவைத்துக் காயப் போட்டார். சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"பசிக்கல" என்றார்.

கையில் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றேன். இத்தனை மாதமாக இந்த மனுஷனை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மட்டும் ஊட்டிவிட்டு, சோற்றுப் பானையை மூடி வைத்தேன்.

"நீ சாப்டல?" என்றார்.

"பசிக்கல" என்றேன்.