‘வேண்டாம்’ என்ற சொல்லின் மேல் சந்தனம்

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. ‘ஓடுகிறது. அணைக்க வேண்டாம்’ என்று ஆராய்ச்சி மாணவி நீல மையில் எழுதி, கம்ப்யூட்டர் திரையின் மேல் ஒட்டியது. ‘வேண்டாம்’ மேலே காய்ந்த சந்தனத்தில் ஒரு கட்டைவிரல் அச்சு. எங்கள் துறைத் தலைவருடையது. விஞ்ஞானத்தில் அந்த மனிதர் பதித்த ஒரே தடம் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையில் நான் தற்காலிக அட்டெண்டர். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பூட்டிய கதவை மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். அந்தப் பயந்த புத்திக்காகவே மாணவி கம்ப்யூட்டரை என் பார்வையில் விட்டார். விவரமும் சொன்னார்: “மூலக்கூறு ஒடையும்போது ரெண்டு துண்டும் ஆளுக்கொரு எலக்ட்ரானோட நிக்குமுங்ண்ணா. ரெண்டும் பம்பரமாட்டம். எதிரெதிராச் சுத்துனா மறுக்கா ஒட்டிக்கும். ஒரே பக்கமாத் திரும்பிட்டா ஒட்டாது. பக்கத்துல ஒரு காந்தம் இருந்தாலே அந்தத் திரும்பல் மாறிப்போயிருமுங்க.” அந்தத் திரும்பலைத்தான் அவர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். துண்டுகளில் இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனும் பம்பரங்களை இழுக்குமாம். ஒன்றைக் கூட்டினால் வேலை எட்டு மடங்காகுமாம். ஆறு ஹைட்ரஜனுக்கு ஒரு நாள் ஓடியது.

தலைவருக்கு ஆறு போதவில்லை. “கருத்தரங்குல ஏழுன்னு சொன்னாத்தான் எடுப்பா இருக்கும் அம்மணி. இன்னொண்ணுதானே, சேத்துப்போடு” என்றார், சாம்பாரில் இன்னொரு கத்தரிக்காய் போடச் சொல்கிறவர் மாதிரி. ஸ்பின் என்கிற அந்தச் சுழற்சி, காந்தப்புலம் என்ற வார்த்தைகளைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு திரிந்தவருக்கு ஒரு ஹைட்ரஜனின் கனம் தெரியாது. மாணவி மறுக்கவில்லை. கருத்தரங்கில் அந்தக் கணக்கைப் பற்றிய கட்டுரையைத் தானே மேடையேறிப் படிக்கலாம் என்ற ஆசை. முதல் மேடை.

எட்டு நாள் ஓட்டம் தொடங்கியது. முழுக்க முடிந்தால்தான் விடை வெளியே வரும். மின்சாரம் கண் சிமிட்டினாலே ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பேன். மணிக்கொரு தரம் கம்ப்யூட்டரின் முதுகில் கைவைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பேன். ஏழாம் நாள் துறையில் ஆயுத பூஜை. “பாத்துக்குங்க அண்ணா, வாரேன்” என்று மாணவி மதியமே கோபிசெட்டிபாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தராசு, அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே தலைவர் வந்தார். “ஓடற மிசினுக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா? அணைச்சுப்போடப்பா.”

“ஏழு நாளா ஓடுதுங்க சார். நாளைக்கு முடிஞ்சிருமுங்க.”

“ஏழு நாளா ஓட அதென்ன டவுன் பஸ்ஸா? பூஜை முடிஞ்சு மறுக்காப் போட்டா அதுபாட்டுக்கு ஓடுது.”

வேலை போய்விடுமோ என்ற பயம். என் விரல்தான் அழுத்தியது. திரை கறுத்தது. அவர் அந்தத் தாளைப் படிக்காமலே அதன் மேல் சந்தனத்தை அப்பிவிட்டு, பொரி எங்கே என்று கேட்டார்.

திரும்பி வந்த மாணவியிடம், “அட்டெண்டர் தெரியாம அணைச்சுட்டான்” என்றார். மாணவி என் முகத்தைப் பார்த்தார். “நீங்களாங்ண்ணா?” ஆமாங்க என்றேன். சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலிலிருந்து ஓட்ட எட்டு நாள் வேண்டும்; கருத்தரங்குக்கு ஐந்தே நாள் இருந்தது. ஆறு ஹைட்ரஜன் வரைபடத்திலேயே ஏழு என்று மாற்றி எழுதச் சொன்னார் தலைவர். “பொய்யிங்க சார் அது” என்று மாணவி எழுந்து வெளியே போனார். தலைவரே எழுதி, மேடையில் தானே படித்துக் கைதட்டல் வாங்கினார். கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. மாணவி மறுபடி ஓட்டினார். எட்டு நாளும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னை நம்பவில்லை. வரைபடத்தில் வந்த வளைவு தலைவர் காட்டியதைப்போல இல்லை. அதைத் தலைவரின் மேசைமேல் வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தலைவர் அந்தக் காகிதத்தை விசிறியாக்கினார்.

இப்போது என் மகன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஆயுத பூஜைக்கு, “அணைச்சரட்டுங்களா அப்பா?” என்று கேட்பான். வேண்டாம் என்பேன். ஓடுகிற மிசினுக்கே பொட்டு வைக்கிறேன். பின்னாலிருந்து காற்று வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். தாளை மட்டும் பூஜையில் வைப்பதில்லை. அதிலிருக்கும் அச்சு அவருடையது. அழுத்திய விரல் என்னுடையது.