ஆடாமல் அசையாமல் அரை நிமிஷம்

பிலிம் கேமராவில் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒரு கணக்குச் சொல்லும், பிலிம் ஒரு கணக்குச் சொல்லும். நடுவில் நாம்தான் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். வெயிலில் தொல்லையே இல்லை. வெளிச்சம் குறைந்த அறைக்குள் போய்விட்டால் பிலிமுக்குச் சோம்பல் வந்துவிடும். மீட்டர் பத்து விநாடி என்றால் முப்பது விநாடியாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படம் கறுத்துப் போகும். கொடுத்தாலோ, உட்கார்ந்திருக்கிறவர் அதற்குள் நாலு தடவை நெளிந்துவிடுவார். இந்தக் காலத்திலும் ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்று தேடி வருகிறார்கள். அதனால் ஓசூரில் என் பிழைப்பு ஓடுகிறது. கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு அலைகிற உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

மூச்சு

பேரிகையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் நஞ்சப்பா, மண்டிக்குள்ளேயே நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். உள்ளே நல்ல இருட்டு. "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் திறந்தேன். மனிதர் சிலை மாதிரி நின்றார். பாதியிலேயே முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. மூச்சு விடலாமா என்று உதடு அசையாமல் கன்னடத்தில் கேட்டார்: "உசிரு பிட்லா, மேடம்?"

பெருக்கினவர்

மத்திகிரிப் பக்கம் ஒரு மாதா கோயில். உள்புறத்தைப் படமெடுத்து மாட்ட வேண்டும் என்றார் பங்குச் சாமியார். ஷட்டரைச் சில நிமிஷம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கோயிலைப் பெருக்கும் ஆரோக்கியமேரி அக்கா அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் தொடங்கிப் பீடம் வரைக்கும் பெருக்கிக்கொண்டே போனார். அவ்வளவு நேரத்தில் நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் தடுக்கவில்லை.

பிரேம் போட்டுக் கொண்டுபோன அன்று அவரும் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாய்ப் பார்க்க வந்தார். பெஞ்சு, பீடம், மாதா சொரூபம் எல்லாம் துல்லியம். அவரைக் காணோம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. முன்பெஞ்சில் உட்காரச் சொல்லி இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தேன். அதில் அழகாக விழுந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "வேலை செஞ்சா தெரிய மாட்டேன், உக்காந்தாதான் தெரிவேனா? இதை எங்க சாமியாருகிட்டயும் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றார்.

கையும் முகமும்

போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் கோவிந்தசாமி. கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட வேண்டியதாயிற்று. போகப் போகத் தலையும் ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அப்பாவை ஒரு நல்ல படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று மகள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். வாசல் வெயிலில் எடுத்தால் சட்டென்று முடிந்துவிடும் என்றேன். தெருவே வேடிக்கை பார்க்கும், வீட்டுக்குள்தான் என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

உள்ளேயே உட்காரவைத்து எடுத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால், மடியில் கைகள் இருந்த இடத்தில் வெறும் புகை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற எடுத்துடலாங்க்கா" என்றாள். அவர் படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "கையை விடும்மா, அது ஆடறது ஊருக்கே தெரியும். முகம் எப்படி நின்னிருக்கு பாரு."

இரண்டு ஷிஃப்ட்

செல்வியும் முருகனும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவர்கள். அவனுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட், அவளுக்குப் பகல். அவன் வீடு திரும்புவதற்கும் அவள் கம்பெனி பஸ் பிடிப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் அவர்கள் வாடகை வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஒரே ஜன்னல். கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

ஷட்டரைத் திறந்த கொஞ்ச நேரத்தில் முருகனுக்குக் கண் சொக்கியது. தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டான். அவனை எழுப்பிவிடக் கூடாதே என்று செல்வி இமைகூடக் கொட்டவில்லை. பிலிமுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டு ஷட்டரை மூடினேன். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கிசுகிசுத்தாள்: "முடிஞ்சிருச்சுன்னு சொல்லாதீங்கக்கா. இன்னும் கொஞ்சம் எடுக்கற மாதிரி நில்லுங்க."

ஆக, சும்மா உட்காரச் சொல்லிப் பிழைக்கிற நான், சும்மா உட்கார ஒருவருக்கும் நேரமில்லாத ஊரில் வந்து கடை போட்டிருக்கிறேன் பாருங்கள்.