கிளட்ச் வாத்தியாரின் வயிற்றுக் குடித்தனம்

கார் ஓட்டக் கற்றுத்தருபவருக்குக் கிளட்ச் வாத்தியார் என்றுதான் பெயர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனவர். உட்கார்ந்தே பிழைத்ததில் சேர்ந்த ஒரே சொத்து தொப்பை.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு என்று பரிசோதனையில் வந்ததும், ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் மைத்துனன் ஓடிவந்தான். "மாமா, ப்ளூபெர்ரி தின்னா குடல்ல என்ன நடக்குதுன்னு பார்க்க ஆள் தேடறாங்க. பழம் இலவசம்."

கடைசி வார்த்தை மட்டும் வாத்தியார் காதில் விழுந்தது.

ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா விளக்கினாள். "இந்தப் பழத்தோட நாரும் நிறச்சத்தும் பெரும்பாலும் செரிக்காம பெருங்குடலுக்குப் போயிடும் சார். அங்க இருக்கற பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அதுங்க உண்டாக்கற சில பொருள்கள் சர்க்கரை, கொழுப்பைக் கட்டுப்படுத்த உதவுதான்னு பார்க்கறோம்."

"அப்ப நான் தின்னறது எனக்கில்லையா? வாடகையும் தராம உள்ள குடியிருக்கறவங்களுக்கு நான் சோறும் போடணுமா?"

"நல்லா போட்டா, நல்லா இருப்பாங்க."

நல்லாத்தான் இருந்தார்கள். முதல் வாரமே வயிற்றுக்குள் ஒரே ரகளை. ஜன்னல் சாத்திய காருக்குள், வண்டி பழக வந்த பேங்க் மேடம் மூக்கைப் பொத்தினாள். "என்ன சார் நாத்தம்?"

"கிளட்ச் ப்ளேட் கருகுது மேடம். காலை எடுங்க."

பாவம், அன்று முழுக்க அவள் காலை எடுத்து எடுத்து வைத்தாள்.

பிறகு பரிசோதனைக்கு மலம் கொடுக்கும் நாள் வந்தது. டப்பாவோடு ஃப்ரிட்ஜ் பக்கம் போனவரை மனைவி மறித்தாள். "தயிர் பக்கத்துல அதை வச்சீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஃப்ரிட்ஜையும் தூக்கிட்டுப் போவேன்."

வேறு வழியில்லாமல் டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றி, பேங்க் மேடத்தின் பாடத்தையே ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் திருப்பினார். நடுத்தெருவில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மேடம் பிரேக்கில் ஏறி நின்றாள். பின்சீட்டுப் பெட்டி முன்னால் பறந்தது. வாத்தியார் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கிளட்சை மறந்து, பெட்டியைப் பாய்ந்து கட்டிப்பிடித்தார். வண்டி குலுங்கி அணைந்தது.

"அப்படி என்ன சார் அதுல? நகையா?"

பொய் சொல்ல மூச்சில்லை. "என் மலம் மேடம்."

மேடத்தின் கை மூக்குக்குப் போனது. "அப்ப அந்தக் கிளட்ச் ப்ளேட்?"

"அதுவும் நான்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற வண்டிகளின் ஹார்ன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னாள்: "நல்ல பாக்டீரியா கொஞ்சம் கூடியிருக்கு. சர்க்கரையும் லேசா இறங்கியிருக்கு. ஆனா நடுவுல நீங்க தினமும் தின்னுட்டிருந்த க்ரீம் பன்னையும் விட்டுட்டீங்க. எதனால இறங்குச்சுன்னு உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது."

"தொப்பை?"

"அது அப்படியே இருக்கு சார்."

இலவசம் நின்றுபோனது. கடையில் அந்தப் பழத்தின் விலையைக் கேட்டு, தொட்ட கையை உதறினார் வாத்தியார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, இருப்பதிலேயே சின்ன டப்பாவாக ஒன்று வாங்கிவந்தார்.

மனைவி நின்றபடியே ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். "சே, என்ன புளிப்பு!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுத்த கை அள்ளினாள்.