அப்பாவின் போர்டுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்த அண்ணாச்சி

தங்கமணி அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் பண்ணினான். "அப்பா போயிட்டாங்க சார்..." அவ்வளவுதான் சொன்னான். இந்த வயதில் இப்படிப்பட்ட போன்கள் பழகிப் போச்சு. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவே எனக்கு ரொம்ப நேரமானது.

இங்கே பல பேருக்கு அவரைத் தெரியாது. ஆரியசாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். நான் அடிக்கடி போட்டோ போடுவேனே, அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகளின் எனாமல் போர்டுகள், சோடா ட்ரேக்கள்... அதில் பாதி அவர் பொறுக்கித் தந்தவை.

"எவனோ அமெரிக்காக்காரன் மண்ணெண்ணெய் வித்த தகரத்த வீட்டுல மாட்டி என்ன செய்யப் போறிய சாரே?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்து வைப்பார். என் மனைவி அதையே வேறு மாதிரி சொல்வாள். "இன்னொரு தகரம் உள்ள வந்தா நான் வெளிய போறேன்."

உண்மையில் நான் தேடியது ஒரே ஒரு போர்டை.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் அமெரிக்கத் தையல் மிஷின் கம்பெனிக்கு ஏஜெண்ட். கம்பெனி போர்டின் கீழ் ஓரத்தில் தன் பெயரைத் தானே பிரஷ்ஷால் எழுதியிருந்தார். அப்பாவின் கையெழுத்து என்று எங்களிடம் வேறெதுவும் மிச்சமில்லை. கடை மூடியபோது போர்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடுகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன், பெயர் விஷயத்தை மட்டும் சொன்னதில்லை.

அப்பாவின் கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது பழைய சாமான்களை எடுத்தது அண்ணாச்சிதான். போர்டும் அதில் இருந்திருக்கிறது. உடனே சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"கண்ண மூடுங்க சாரே... ம், இப்ப பாருங்க!"

பளபளவென்று சிவப்பு பெயிண்ட். அதன்மேல் மஞ்சளில் கம்பெனி பெயர்.

"ஒரே துரு, அழுக்கு. என் கையாலயே அடிச்சேன், கேட்டோ? கீழ ஏதோ பேரு கிறுக்கிக் கெடந்துது, அதயும் அடச்சுட்டேன். எப்பிடி?"

அடப்பாவி மனுஷா என்று நெஞ்சுக்குள் ஒரு சத்தம். அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நிற்கிறார். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அதன்பிறகு எது கிடைத்தாலும் நான் முந்திக்கொள்வேன். "பெயிண்ட் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி, வீட்ல வாசனை ஒத்துக்கல." "பாவம்" என்று துருவோடே தருவார்.

கொச்சியில் இந்த மாதிரி போர்டுகளைச் சரிசெய்யும் ஒருவரிடம் காட்டினேன். சிவப்பை முழுக்க எடுத்தால் அடியில் இருக்கும் பெயர் வரலாம் என்றார். கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை. ஓணத்துக்கு ஓணம் அண்ணாச்சி பாயசம் குடிக்க வருவார். நேரே அந்த போர்டின் முன்னால் போய் நின்று துண்டால் துடைப்பார். அவர் இருக்கும்வரை முடியாது என்று விட்டுவிட்டேன்.

இன்று அவர் வீட்டில் கூட்டம். மகன் என்னைச் சொந்தக்காரர்களிடம் காட்டி, "இவங்கதான் அந்த போர்டு சார்" என்றான். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம்கூடச் சொன்னாராம், "சாருக்க அப்பன் போர்ட நான்தான் புதுசாக்கிக் குடுத்தேன்" என்று. நான் தலையை ஆட்டினேன். அலுப்பாக இருந்தது... எல்லாமே.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சாயா தந்த மனைவி மெதுவாகக் கேட்டாள். "இனி கொச்சிக்கு அனுப்பலாம், அல்லே?"

போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தில் மஞ்சள் பெயிண்ட் வழிந்திருக்கிறது. காய்வதற்குள் விரலால் துடைத்துவிடப் பார்த்திருக்கிறார். அந்த விரல் தடம் அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

அப்பா மன்னிக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி.