கன்னியப்பன் கையும் கம்பி வைத்த கையுறையும்

கன்னியப்பனுக்குப் பெருவியாதி, குஷ்டம் என்று ஆம்பூரில் ஒரு மாதம் பேச்சு அடிபட்டது. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனிதருக்கு ஒரு வியாதியும் இல்லை. அவர் கையைச் சுட்ட சாமானைத் தைத்தவனே நான்தான். எனக்குத் தெரியாதா?

என் பெயர் வேலாயுதம். தோல் பதனிடுகிற ஷாப்பில் தையல் வேலை. கன்னியப்பன் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள். மழையில்லாமல் வேர்க்கடலைச் செடி நின்றபடியே கருகிய வருஷம், பெண்டாட்டி செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே பிழைக்க வந்தவர். வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷம் அதே குழிதான். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மயிர் கழன்று வரும். அந்தத் தோலைப் புரட்டிப் போடவேண்டும், ஊறினதும் தூக்கி வெளியே எறியவேண்டும். முழங்கால் வரைக்கும் வெள்ளைத் தண்ணீரில் நின்றுகொண்டு செய்கிற வேலை. கைக்கு உறை கிடையாது, காலுக்கு ஒரு கிழிந்த செருப்புகூடக் கிடையாது. கேட்டால், "பழகிப்போச்சில்ல, இப்ப இன்னா?" என்பான் மேஸ்திரி கோவிந்தசாமி.

பழகித்தான் போனது. அவர் உள்ளங்கை காய்ந்த பலகை மாதிரி ஆகிவிட்டது. உலை கொதிக்கிற பானையைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைப்பார். "எங்க வூட்ல கரித்துணியே வாணாம்" என்று செண்பகம் கேலி செய்வாள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்தது எங்களுக்கு!

முப்பத்துநாலாம் வருஷம் மார்கழி மாதம், மதராஸிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்தான். ஆகாய விமானம் ஓட்டுகிற துரைமார்களுக்கு மேலே போகப்போகக் கையும் காலும் விறைத்துப்போகிறதாம். அதற்காகத் தோலில் கைக்கு உறையும் காலுக்கு மேஜோடும் தைத்து, உள்ளே மெல்லிசுக் கம்பி ஓட்டி, அந்தக் கம்பியில் மின்சாரம் விட்டுச் சூடாக்குவார்களாம். மாதிரிக்கு ஒரு ஜோடி நம் ஷாப்பில் தைத்துக் கொடுத்தால், பிடித்திருந்தால் பெரிய ஆர்டர். துரைமார் கை விறைக்கிறதே என்று கவலைப்படச் சீமையில் ஆள் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்குகிறவன் கை விறைக்காதா? அதைக் கேட்க இந்த ஊரில் ஒரு நாதி கிடையாது.

நான்தான் தைத்தேன். வெள்ளாட்டுத் தோல், வெண்ணெய் மாதிரி இருந்தது. ஏஜெண்டு சொன்னபடி விரல்களிலும் உள்ளங்கையிலும் கம்பி போட்டேன். முதலாளி மதராஸில் இருந்தார். மானேஜர் அருணகிரிதான் எல்லாம். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். முதலாளியின் மோட்டார் பாட்டரியைக் கழற்றிவந்து ஆபீஸ் மேஜைமேல் வைத்தார்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது.

முதலில் என் கையில்தான் மாட்டினார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "சுடுது சார், சூடு ரொம்ப ஜாஸ்தி" என்று உருவிப் போட்டேன்.

ஏஜெண்டு முகத்தைச் சுளித்தான். "ஊசி புடிக்கிற கை, அப்படித்தான் சொல்லும். நல்லா உழைச்ச கையா ஒருத்தனைக் கூப்பிடுங்க. அரைமணி நேரம் போட்டிருந்தான்னு நான் ரிப்போர்ட் எழுதணும்."

கன்னியப்பனைக் கூட்டிவரச் சொல்லி அருணகிரி மேஸ்திரியை அனுப்பினான். அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

குழியிலிருந்து நேரே வந்தார் கன்னியப்பன். குளிரில் விரலெல்லாம் விறைத்துப்போயிருந்தது. நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றார், பிடித்து உட்காரவைத்தார்கள். வலது கையில் கையுறையை மாட்டி, "சுட்டா சொல்லு" என்றான் அருணகிரி. கொஞ்ச நேரத்தில் அவர் முகமே மாறிப்போனது.

"சுடுதா?"

"இல்ல சார். இதமா இருக்குது. இப்பத்தான் வெரலுக்கு உசிரு வருது."

ஏஜெண்டு திருகைக் கூட்டினான்.

"இப்போ?"

"இருக்கட்டும் சார். நல்லா இருக்குது."

இருபத்தாறு மார்கழியில் அந்தக் கைக்குக் கிடைத்த முதல் கதகதப்பு அது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? ஏஜெண்டு இன்னும் ஒரு சுற்று கூட்டினான். தோல் கருகுகிற வாடை வந்திருக்கும். தோல் ஷாப்பில் அந்த வாடையை யார் கண்டார்கள்? அரைமணி கழித்துக் கையுறையை உருவினபோது உள்ளங்கைத் தோலும் கூடவே உரிந்து வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வலியே வந்தது. "ஐயோ, எம்மா!" என்று அலறினார்.

அந்த அலறல் ஏஜெண்டு, அருணகிரி இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கையுறைமேல் தப்பு என்றால் ஆர்டர் போய்விடும். அதனால் கைமேல் தப்பு என்றார்கள். "இது பெருவியாதிக்காரன் கை. உணர்ச்சியே இல்ல. இவனை வச்சா டெஸ்ட் பண்ணீங்க?" என்றான் ஏஜெண்டு. அருணகிரி அதையே பிடித்துக்கொண்டான். கன்னியப்பன் இனி வேலைக்கு வரக்கூடாது, அவரும் செண்பகமும் ஷாப்பு கொடுத்த லைன் வீட்டை மாசக் கடைசிக்குள் காலி பண்ணவேண்டும் என்று சொல்லிவிட்டான். ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிற செண்பகத்துக்கும் அன்றோடு வேலை போனது.

அதற்குமேல் தெரு ஜனங்கள் ஆரம்பித்தார்கள். கிணற்றில் செண்பகம் கயிறு விடக்கூடாதாம். இத்தனை வருஷம் அவளோடு சேர்ந்து பட்டை இடித்த எல்லம்மா அவளைக் கண்டால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனாள். தூ! இதுவும் ஒரு பிறவியா? பெருவியாதி என்று ஒரு தரம் பேர் விழுந்துவிட்டால் வேறே எந்த ஷாப்பிலும் சேர்க்கமாட்டார்கள், சத்திரத்து வாசலில் தகரக் குவளையோடு உட்காரவேண்டியதுதான். செண்பகத்துக்கு அது தெரியும். அவள் அழவில்லை.

"அண்ணே, வேலூர் ஆசுபத்திரிக்கு எப்படிப் போறது?" என்று என்னிடம் கேட்டாள்.

நானும் கூடப் போனேன். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா வண்டி வைத்துப் பாலாற்றைத் தாண்டிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா கன்னியப்பனைக் கண்ணை மூடச் சொல்லி, துளிப் பஞ்சால் காது, கன்னம், முழங்கை, புறங்கை எல்லாம் தொட்டுப் பார்த்தார். தொட்ட தொட்ட இடத்தைக் கன்னியப்பன் சரியாகச் சொன்னார். புண் இல்லாத இடது உள்ளங்கையில் தொட்டபோது மட்டும் சும்மா இருந்தார்.

"பெருவியாதி இல்லை. சுண்ணாம்பு தின்று மரத்துப்போன கை" என்றார் டாக்டரம்மா. சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குப் புண்ணில் தண்ணீரே படக்கூடாது என்றார்.

அருணகிரி அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கீழே போட்டான். "ஆயிரம் சீட்டு வாங்கலாம். கையில உணர்ச்சி இல்லங்கறதை நான் கண்ணால பாத்தேன்."

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற நேரத்தில் செண்பகம் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஷாப்புக்குள் நுழைந்தாள். மேஸ்திரி கோவிந்தசாமி தடுக்கப் போனான்.

"தள்ளுய்யா! இன்னிக்கு ஒரு வழி பண்ணாம போகமாட்டேன்" என்றாள்.

மடியிலிருந்து துளிப் பஞ்சை எடுத்தாள். குழி ஆட்கள் இருபத்துரெண்டு பேரையும் கையை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னாள். "பஞ்சு பட்டா வாயத் தொறந்து சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

ஒவ்வொரு உள்ளங்கையாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு சத்தம் இல்லை. புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் மட்டும் "பட்டுச்சு" என்றார்கள். பத்தொன்பது பேர் கண்ணை மூடியபடி, எப்போது தொடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். தொட்டு முடித்துப் போய்விட்டாள் என்பதுகூடத் தெரியவில்லை. மேஸ்திரி கையையும் பிடித்து இழுத்துத் தொட்டாள். பழைய குழி ஆள்தானே அவனும்? அவனுக்கும் தெரியவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து வந்தான் அருணகிரி. "இன்னா பேஜார் பண்ற இங்க?" என்று கையை ஓங்கினான். அவள் அந்தக் கையிலேயே பஞ்சை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா சார்? இவங்க எல்லாருக்கும் வியாதி. நல்ல கை உங்களுதுதான். இவங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க. குழியில தோலு ஊறிக் கெடக்குது, இன்னிக்குத் தூக்கலன்னா அத்தினியும் வீணாப்போவும். நீங்களே எறங்கித் தூக்குங்க."

யாரும் குழிப்பக்கம் நகரவில்லை. அருணகிரி எல்லார் முகத்தையும் பார்த்தான். "சரி சரி, போய் வேலையைப் பாருங்க. கன்னியப்பா, நீயும் எறங்கு. வீட்டைக் காலி பண்ண வாணாம்."

ஷாப்பே அதிரக் கத்தினோம். நானும்தான் கத்தினேன், வெட்கமில்லாமல். ஜெயித்துவிட்டோமாம்!

புண் ஆறவில்லை. "நாளைக்கு வர்றேன் சார்" என்று சொன்னால் பேச்சு மாறிவிடுமோ என்று அவருக்குப் பயம். கைக்கட்டை அவிழ்த்துச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினார். உரிந்து சிவந்திருந்த உள்ளங்கையில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் அவர் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். செண்பகம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அருணகிரி ஆபீஸ் படியில் நின்று எட்டிப் பார்த்தான். "கத்தறானே, அப்போ உணர்ச்சி இருக்குது. வியாதி இல்லதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.