சுண்டுக்கு இருநூற்றைம்பது கிராம்

உரும்பிராய் உதயகலா ஐம்பத்திரண்டு வயதுவரை யாரையும் ஏமாற்றியதாகப் பதிவு எதுவும் இல்லை. கணவர் முருகேசுவோடு வெங்காயம் நட்டார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஊர்க் கலியாணங்களுக்கெல்லாம் பயற்றம் பணியாரம் சுட்டார். செய்முறையை யார் கேட்டாலும் சொன்னார்: "நாலு சுண்டு வறுத்த பயற்றம் மா, ரெண்டு சுண்டு சீனி." சுண்டு என்பது ரின்பால் வந்த வெற்றுத் தகரப் பேணி. மாவை அமுக்காமல் அள்ளித் தலைதட்ட வேண்டும். அந்தப் பேணியால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

இந்த அமைதி பொறுக்காமல் சுன்னாகத்தில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பெயரை முழுதாக எழுதினால் அரைப்பக்கம் போய்விடும். உள்ளூர் உணவை மேம்படுத்துவது அதன் கடமை. அங்கே சயந்தன் என்ற அலுவலர், சுண்டு விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்று கண்டறிந்தார். உதயகலாவின் செய்முறையை அவருடைய படத்தோடு, கிராம் கணக்கில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. தராசு வந்தது. சயந்தன் ஒரு சுண்டு சீனியை நிறுத்தார். இருநூற்றைம்பது கிராம். ஆராய்ச்சி அத்துடன் நிறைவெய்தியது. மாவுக்கும் அதே பேணிதானே? நாலு சுண்டு மா ஒரு கிலோ என்று அச்சேறியது.

முதல் நூறு தாள்கள் ஊருக்குள் போயின. சீனிப்பாகு போதாமல் உருண்டை பிடிபடவில்லை. பிடிபட்டவை எண்ணெய்க்குள் உதிர்ந்தன. உடுவில் ஞானாம்பிகைதான் முதலில் போனில் அழைத்தார்.

"சொல்ல விருப்பமில்லையெண்டால் சொல்லாமல் விட்டிருக்கலாமே, உதயகலா. பிழையாய்ச் சொல்லி எங்கடை மாவைப் பாழாக்க வேணுமே?"

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் நாலு பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். பக்குவத்தை ஒளித்தவள் என்று பெயராயிற்று. உதயகலா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. வழியில் மாவும் சீனியும் வாங்கி, ஒரு பேணியும் கடன்பெற்று, நேரே அலுவலகத்துக்குப் போனார்.

"தம்பி, மாவை நிறுத்தனீரோ?"

"சுண்டு ஒண்டுதானே அக்கா."

"இப்ப நிறும்."

நூற்றைம்பது காட்டியது. சயந்தன் தராசைத் தட்டிப் பார்த்தார். "சூடாகீட்டுது போல."

"அப்ப சீனியை வையும்."

இருநூற்றைம்பது.

"சீனியைக் கண்டோடனை ஆறீட்டுதோ?"

மேலதிகாரி கனிசியஸ் சமாதானம் பேச வந்தார். அவர் அனுபவசாலி, பிழையைத் திருத்துவதைவிட உலகத்தைத் திருத்துவது சுலபம் என்று அறிந்தவர்.

"அம்மா, மிச்சம் தொளாயிரம் தாளும் கிடக்குது. குப்பையிலை போட ஏலாது. மாவுக்கெண்டு பெரிய சுண்டு ஒண்டு செய்விச்சு எல்லாருக்கும் குடுப்பம்."

உதயகலா மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். தாள் கட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தாளில் தம் முகத்தையும் பெயரையும் சதுரமாக வெட்டிப் பைக்குள் போட்டார். பிறகு இரண்டாவது.

"என்ன அக்கா செய்யிறியள்?"

"என்ரை முகத்தை எடுக்கிறன். உங்கடை ஒரு கிலோவை நீங்களே வைச்சிருங்கோ."

அலுவலகம் மூடும் நேரத்துக்குள் முந்நூற்றுப் பதினேழு முகங்கள் வெளியே வந்திருந்தன. உதயகலா எழுந்து சேலையை உதறினார்.

"மிச்சத்துக்கு நாளைக்கு வாறன். கத்தரிக்கோல் மொட்டை. தீட்டி வையும், தம்பி."